காப்புக் கட்டின ஊருக்குப் போன வளையல்காரி

எங்கள் சந்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. "வீட்ல எல்லாரும் சொகமா?" கேட்டவர் பதிலுக்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். செல்லக்கிளி அத்தை மட்டும் பதிலுக்குக் காத்திருப்பாள். தலையில் வளையல் கூடை, அதைப் பிடித்தபடி ஒரு கை, வாசலுக்கு வெளியே வெயிலில் நிற்பாள். "எல்லாருமே சொகமா?" என்று மறுபடி கேட்பாள். "சின்னவனுக்கு லேசா காய்ச்சல்" என்று யாராவது சொன்னால், "அப்ப நாளக் கழிச்சு வாரேன்" என்று அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான்.

"கலெக்டரம்மா விசாரிச்சு முடிச்சாத்தான் கூடைய எறக்குவாக" என்று எங்கம்மா கேலி செய்வாள்.

"ஒரு நாளைக்கு எம்புட்டுப் பேரு கையப் பிடிக்கிறேன்? ஒருத்தி வீட்டு நோவ அடுத்தவ வீட்டுல கொண்டாந்து எறக்கிட்டா யாரு பதில் சொல்றது? நீயா வந்து சொல்லுவ?" என்பாள் அத்தை.

அவள் எனக்குச் சொந்தமில்லை. சிம்மக்கல்லுக்குப் பின்னால் வைகைக்கு இறங்கும் சந்தில் அடுத்தடுத்த வீடு, அவ்வளவுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா மொத்தக்கடையில் மூட்டை தூக்கினார். அத்தை உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு, இடுப்பில் மகள் தங்கப்பொண்ணோடு மதுரைக்கு வந்து கூடையைத் தூக்கினாள்.

கண்ணாடி வளையல் போடுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். கையை வாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டிகள் ஒன்றோடொன்று நெருங்கும்படி அமுக்கிப் பிசைந்து, வலி தெரிவதற்குள் ஏற்றிவிட வேண்டும். அவ்வளவு நேரமும் அந்தக் கை அவள் கைக்குள் இருக்கும். கை பயந்து விறைத்தால் வளையல் உடைந்துவிடும். அதனால் ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பாள். இப்படி வளையல் போட்டுத்தான் மகளை வளர்த்தாள். நாகமலைக்கு மேற்கே, பஸ் போகாத ஒரு கரட்டுக் குன்றின் அடியில் ஓடைப்பட்டி என்ற சின்ன ஊரில், சொந்தத்திலேயே கட்டியும் கொடுத்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம். சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு எங்கள் சந்துக்குக் காலரா வந்தது. எங்கோ ஒரு தீவில் கிளம்பி, பல வருஷமாக நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நோய் என்று நான் கல்லூரியில் படித்திருந்தேன். விலங்கியல் பரீட்சையில் அந்தக் கிருமியை ஒரு காற்புள்ளி போல வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன்.

எதிர்வீட்டுச் சோணையம்மாள் காலையில் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் கண்கள் குழிக்குள் போய், விரல்தோல் வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கி, குரல் காற்றாகிப் போயிருந்தது. மறுநாள் அவள் இல்லை. அந்த வேகத்துக்கும் நான் வரைந்த படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. குளிப்பாட்ட மருமகள்கள்கூட நெருங்கவில்லை. செல்லக்கிளி அத்தைதான் போய்க் குளிப்பாட்டினாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சைக் கூட அளந்து விட்டேன். அது காற்றில் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அளந்துதான் விட்டேன்.

அப்போது தங்கப்பொண்ணுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளை அழைத்து வர நாளும் குறித்திருந்தார்கள். சந்தில் முதல் ஆள் விழுந்ததுமே அத்தை, "புள்ளைய இங்க அனுப்பாதீக" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். "பெத்தவளே கதவ அடைச்சிட்டா" என்று ஓடைப்பட்டியில் பேசிக்கொண்டார்களாம்.

சோணையம்மாளை எடுத்த மறுநாள் காலையில், மேற்கேயிருந்து வெண்டைக்காய் கொண்டுவரும் ஆள் சந்து முனையில் நின்றே கத்திச் சொன்னார். உள்ளே வரப் பயம். "தாயி, ஒங்க மகளுக்கு நேத்துலருந்து விட்டு விட்டு வலியாம். பயந்து போய்க் கெடக்காம். எங்கம்மா வந்தாத்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிதாம்."

அத்தை கூடையை எடுக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். எங்கம்மா என்னைப் பார்த்தாள். "ஒத்தையில எப்படிப் போவா? நீ படிச்ச புள்ள, நீ கூடப் போ." போக மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது தைரியமா, படித்தவள் பயப்படுகிறாள் என்று ஆகிவிடக் கூடாது என்கிற வீம்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பஸ் நிலையத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் மேசை போட்டு, ஏறுகிறவர்களுக்கெல்லாம் காலரா ஊசி போட்டார்கள். எங்களுக்கும் போட்டார்கள். அந்த ஊசி பலன் தர நாளாகும் என்று படித்திருந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. "ஊசி போட்டாச்சு, இனி என்ன" என்று அவள் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

செக்கானூரணியில் இறங்கி நடந்தோம். உழுது போட்ட கரிசலும் கருவேல மரங்களும். பாதி வழியில் அத்தை, "நட, வாரேன்" என்று மரங்களுக்குப் பின்னால் போனாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒதுங்கினாள். திரும்பி வந்தபோது மேலுதடு வெளுத்திருந்தது.

"வெயிலு சூடு, ஞானம். வேற ஒண்ணுமில்ல."

நான் தலையாட்டினேன். அதன் பிறகு கவனித்தேன், எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அவள் பின்தங்கவில்லை. நான்தான் முன்னால் போயிருந்தேன். என் நாக்கு வறண்டது. தாகமா, நோயா? காலையில் சாப்பிட்டது சரியாக இறங்கியதா? என் வயிறு போடும் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஓடைப்பட்டிக்குப் போகும் வண்டிப்பாதையின் குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டு, மேலே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கம்போடு நல்லகாமன் நின்றார். தங்கப்பொண்ணு புருஷனுக்குப் பெரியப்பா முறை.

அத்தை முள்ளுக்கு இந்தப் பக்கமே நின்று கேட்டாள். "ஊர்ல எல்லாரும் சொகமாண்ணே?"

"ஆத்தா புண்ணியத்துல ஒரு ஆடு மாட்டுக்குக்கூட தலைவலி இல்ல தாயி."

"எல்லாருமே?"

"எல்லாருந்தான். ஒம் மகதான் கத்தி ஊரக் கூட்டுறா. வா வா, ஒன்னத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கோம்."

முத்தாலம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பதாக அவர் சொன்னார். சுற்று வட்டாரத்தில் கழிச்சல் நோய் என்று கேள்விப்பட்டதுமே கட்டிவிட்டார்களாம். காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியே போய்த் தங்கக் கூடாது. வெளியார் உள்ளே வருவதென்றால் கிணற்று மேடையில் அம்மன் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, உடுத்திய துணியோடு தலைவழியே மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வர வேண்டும். வந்தால், காப்பு அவிழ்க்கும் வரை போகவும் கூடாது. நோய் வராமல் இருக்க அந்த ஊர் கண்டிருந்த வழி அது. முள்ளை விலக்கி எங்களைக் கூட்டிப் போனார்.

கிணறு ஊர் முகப்பிலேயே இருந்தது. ஊருக்கு அது ஒன்றுதான். வேப்பமரத்தடியில் அம்மன் கல், அதை ஒட்டிக் கருங்கல் மேடை, மேடையின் நடுவில் கிணற்று வாய். தங்கப்பொண்ணின் மாமியார் ஒச்சாயி இடுப்பில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றாள். பின்னால் நாலைந்து பெண்கள். மூன்றாவது வீட்டிலிருந்து முனகல் கேட்டது. அத்தையின் உடம்பு அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்தது.

நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. மேடைக்கல் உட்புறமாகச் சரிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஊருக்குள் வந்தவர்கள்மேல் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கிணற்றுச் சுவரில் வழிந்து, காய்ந்து, நீள நீளமான மஞ்சள் கோடுகளாகத் தண்ணீர் வரை இறங்கியிருந்தது.

சோணையம்மாளைக் குளிப்பாட்டியபோது அத்தை உடுத்தியிருந்த சேலை இதுதானா, வேறா? நினைவில்லை. வழியில் இரண்டு முறை ஒதுங்கியவள். அவள்மேல் ஊற்றும் தண்ணீர் நேராக இந்தக் கிணற்றுக்குள் போகும். இந்தக் கிணற்றைத்தான் ஊரே குடிக்கும். பிரசவத்துக்குக் கிடக்கிறவளும் குடிப்பாள்.

"இங்க வேணாம்" என்றேன். எனக்கே கேட்காத குரல். "ஓடைப் பக்கமா கூட்டிட்டுப் போய் ஊத்துவோம். தண்ணி கெணத்துல எறங்குது."

"ஆத்தா இங்கதான இருக்கா? ஓடையிலயா இருக்கா?" என்றார் நல்லகாமன்.

"தூக்கிக்கிட்டுப் போவோம் மாமா. இந்தப் புள்ள ஒரு பக்கம் பிடிக்கட்டும்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"வேதக்காரப் புள்ள. அதுக்கு என்னத்தத் தெரியும்?" என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தபடி சொன்னாள் இன்னொருத்தி.

"ஆத்தா முன்னால ஊத்துற தண்ணிதான் தாயி கெணத்துல விழுகுது. அது மருந்து" என்றார் நல்லகாமன். கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

புத்தகத்தில் படித்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு தாயை மகளிடம் போகவிடாமல் தடுக்கிறேனே, நான் நினைப்பது தப்பாக இருந்தால்? சரியாக இருந்தால்? இரண்டுமே பயமாக இருந்தது. அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு கிணற்றின் உட்சுவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"பேசிக்கிட்டே நின்னா அங்க புள்ள பெறந்துரும்" என்றாள் ஒச்சாயி. குடத்தைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டே, எல்லாரும் கேட்கிறாற்போலக் கேட்டாள். "மதினி சொகந்தான? வாங்க, மேடையில ஏறுங்க."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்லாமல் ஏறியிருந்தாலும் போதும்.

"ஊத்தாதீக மதினி" என்றாள் அத்தை. "எனக்கு வயிறு சரியில்ல. வர்ற வழியில ரெண்டு தடவ போயிட்டேன். நேத்து ஒரு பொணத்தக் குளிப்பாட்டுன கை இது."

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஒச்சாயியின் குடம் சாய்ந்து மஞ்சள் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"புள்ள பெறப்போற வீட்டுக்கு எமனக் கூட்டிக்கிட்டா வந்த? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கத்தினாள். நல்லகாமன் கம்பை இரண்டு கையாலும் பிடித்து எங்களுக்கும் ஊருக்கும் குறுக்கே நீட்டினார். "தாயி, கும்புட்டுக் கேக்கேன், வெளிய போயிரு. அடிக்க வச்சிராத."

மூன்றாவது வீட்டிலிருந்து குரல் வந்தது. "அம்மா வந்துருச்சா? யாரு, அம்மாவா?"

அத்தை வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு ஒச்சாயியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நான் வரலைன்னு சொல்லிருங்க மதினி. வந்துட்டுத் திரும்பிட்டேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா."

முள்ளுக்கு வெளியே, கிணற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு பனைமரங்கள் நின்றன. அங்கே போய் உட்கார்ந்தோம். பஸ் ரோட்டுக்குத் திரும்ப நடக்க அத்தையால் முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வாந்தியும் சேர்ந்தது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நான் பனைமட்டையால் குழி தோண்டினேன். மண்ணள்ளி மூடினேன். ஒவ்வொரு தடவையும் என் கையை மணலில் தோல் எரியும்வரை தேய்த்தேன். அவள் கால்களைப் பிடித்துவிட்டபோது, சோணையம்மாளின் கை போல இதுவும் சுருங்குகிறதா என்று பார்க்காமலிருக்க ஓடையைப் பார்த்தேன். ஓடிவிடலாம் என்று எத்தனை முறை நினைத்தேன் என்பதை எழுத வேண்டியதில்லை.

பொழுது சாயும் முன் ஒச்சாயி வந்தாள். தூரத்தில் நின்று ஒரு பானையைக் கீழே வைத்தாள்.

"சோத்து நீத்தண்ணி. உப்புக் கூடப் போட்டிருக்கேன்" என்று கத்தினாள். கோபம் அப்படியேதான் இருந்தது. "குடிச்சிட்டுப் பானைய ஒடச்சிருங்க. ஊருக்குள்ள திரும்பி வரக் கூடாது."

"மக எப்படி இருக்கா மதினி?"

"தலை தெரியுதுங்குறா மருத்துவச்சி." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நான் பானையை எடுத்து வந்து அத்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். காலி செய்ததும் கல்லில் போட்டு உடைக்கப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் என்ன பிடி! "ஒடைக்காத. பானை ஒடைக்கிறது சாவுக்கு. எம் மக அங்க புள்ள பெத்துக்கிட்டிருக்கா." கடைசியில் அதை முழுசாகவே மணலுக்குள் புதைத்தேன்.

பிறகு அவள் ஊர்ப்பக்கம் திரும்பிக் கைகளைக் கூப்பினாள். குரல் போயிருந்தது. குனிந்து கேட்டேன். "ஆத்தா, தாயும் புள்ளையும் நல்லபடியாப் பிரியணும். என் நோவு இந்த ஊருல ஒருத்தருக்கும் வரக்கூடாது. நீ காப்பாத்திட்டா, இந்த ஊருல இருக்கிற அம்புட்டுப் பொம்பளைக்கும் என் கையால வளையல் போடுறேன். கூலி வேணாம். காசு வேணாம். என் கையால போடுறேன் ஆத்தா."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஊரிலிருந்து குலவைச் சத்தம் வந்தது. அத்தை அசையவில்லை. அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர்தான் வரவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லை.

நல்லகாமன் சாலைக்கு ஆளனுப்பிச் சொன்னதில் விடிந்ததும் சுகாதாரத் துறை வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் அத்தைக்கு நரம்பு வழியே பாட்டில் பாட்டிலாக உப்புநீர் ஏற்றினார்கள். பிழைத்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஓடைப்பட்டியில் ஒருவருக்கும் வரவில்லை. முத்தாலம்மன் காப்பாற்றினாள் என்று அந்த வருஷம் திருவிழா விமரிசையாக நடந்ததாம்.

எனக்குச் சில கேள்விகள் உண்டு. அத்தைக்கு வந்தது காலராதானா? சோதனை எதுவும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம். வெறும் வெயில் சூடாகக்கூட இருந்திருக்கலாம். அப்படியானால் அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கலாம். நான் கிணற்றைப் பற்றி வாயைத் திறக்காமலிருந்தால் அவளும் திறந்திருக்க மாட்டாளோ? ஒருநாள் அவளிடமே கேட்டேன். "நீ சொல்லாட்டியும் எங் கண்ணுதான் பாத்துச்சே" என்றாள். அது எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் பேத்தியைப் பார்க்கப் போகும்போது கூடை நிறைய வளையல் அடுக்கிக்கொண்டாள். நானும் போனேன். முள்ளும் தோரணமும் இல்லை. எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். பெண்கள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து, பச்சையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், சிவப்பை எடுத்துப் பார்த்தார்கள். "என் கையால போடுறேன்னு ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டேன், கைய நீட்டுங்க" என்றாள் அத்தை. ஒருத்தியும் நீட்டவில்லை.

"இருக்கட்டும் மதினி, போன வாரந்தான் போட்டேன்" என்றாள் ஒச்சாயி. அவள் கையில் சாயம் போன இரண்டு பழைய வளையல்கள் கிடந்தன. இன்னொருத்தி, மாவு பிசைந்த கை என்றாள். நல்லகாமனின் மனைவி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சிரித்தாள். யாரும் அத்தையை ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கைகள்தான் பயந்தன.

தங்கப்பொண்ணு கையை நீட்டினாள். பிறகு குழந்தையின் கையைப் பிடித்து நீட்டினாள். இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே சுமந்துகொண்டு திரும்பினோம்.

வருஷா வருஷம் போனாள். வருஷா வருஷம் யாராவது இப்போதுதான் போட்டிருந்தார்கள், இல்லை கை மாவாக இருந்தது. அவளும் வற்புறுத்தவில்லை. "பயந்த கைக்கு வளையல் ஏறாது ஞானம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

போன தை மாதம், நெஞ்சுவலி என்று சொல்லி அரைமணி நேரத்தில் அத்தை இறந்துபோனாள். தங்கப்பொண்ணு வந்திருந்தாள். ஒச்சாயியும் வந்து கட்டிப்பிடித்து அழுதாள். காரியங்கள் முடிந்த பிறகு தங்கப்பொண்ணு மாமியாரிடம் கேட்டாள். "அம்மா நேர்ந்த கடன நான் கட்டட்டுமா அத்த? இப்ப எங்கிட்ட கைய நீட்டுவாகள்ல?"

"ஒங்கிட்ட நீட்டுவாகதான்" என்றாள் ஒச்சாயி. "ஆனா ஒங்கம்மா, என் கையாலன்னு சொல்லி நேர்ந்திருக்காளே தாயி."

ஓடைப்பட்டியில் இரண்டு கைக்கு மட்டும் அத்தை வளையல் போட்டிருக்கிறாள். மற்றக் கைகளுக்கு நேர்ந்த கடன் அப்படியே நிற்கிறது.